அரை மணி முந்திய நடுக்கங்கள்

கார்த்திகேசு அங்கிளை எனக்கு முதலில் கையெழுத்தாகத்தான் தெரியும். ஆளாகத் தெரிந்தபோது எல்லாம் கெட்டுப் போயிருந்தது.

எங்கள் பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் மலைச்சரிவில் ஒரு சிமெண்ட் அறை இருக்கிறது. இப்போது அதில் தண்ணீர்ப் பம்பு ஓடுகிறது. ஒரு காலத்தில், 1979 முதல் பத்து ஆண்டுகள், நிலநடுக்கம் பதியும் கருவி ஓடியது. சுழலும் டிரம் ஒன்றில் தாள் சுற்றியிருக்கும். ஒரு பேனா முள் இரவு பகலாக அதன்மேல் கோடு போடும். பூமி அசைந்தால் கோடும் அசையும். பினாங்கு தானாக அசையும் ஊர் இல்லை. சுமத்திரா அசையும், நாங்கள் அதைக் கேட்டுக்கொள்வோம்.

தினமும் காலையில் ஒருவர் மலையேறிப் போய்த் தாளை மாற்றவேண்டும். போட்ட நேரம், எடுத்த நேரம் இரண்டையும் ஓரத்தில் எழுதிக் கையெழுத்திடவேண்டும். பத்து ஆண்டுகளும் அந்த ஒருவர் கா. கார்த்திகேசு, ஆய்வுக்கூட உதவியாளர். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் கடைசியாக மலாயில் 'ஜாம் பெத்துல்' என்று எழுதியிருப்பார். கடிகாரம் சரி என்று பொருள். வானொலியில் மணிக்கு மணி வரும் பீப் ஒலியோடு தன் கைக்கடிகாரத்தை ஒத்துப் பார்த்துவிட்டேன் என்று அவர் தரும் உறுதிமொழி அது.

அந்தத் தாள்கள் நூலகத்தின் கீழ்த்தளத்தில் அட்டைப் பெட்டிகளில் கிடந்தன. அவற்றை ஸ்கேன் செய்து இணையக் காப்பகமாக ஏற்றும் திட்டத்தை எங்கள் விரிவுரையாளர் டாக்டர் சித்தி ஹாஜரா தொடங்கினார். சிலி நாட்டில் உட்கார்ந்திருப்பவரும் ஒரு தட்டலில் நம் தாளைப் பார்க்கலாம். ஸ்கேன் செய்வது ரூபினி, என்னோடு படிப்பவள். தாளில் இருக்கும் நேரத்தை அட்டவணையில் ஏற்றி உலக நேரமாக மாற்றுவது ஷேன். அதாவது நான். உலக நேரம் என்றால் கிரீனிச் நேரம். எல்லா நாட்டுப் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அதுதான் பொது.

என் வேலை அவ்வளவு கடினமில்லை என்பதை நான் முதல் நாளே கண்டுபிடித்தேன்.

"நம்ம டைம்ல எட்டு மணி நேரம் கழிச்சா கிரீனிச்சு. ஒரு வரி ஃபார்முலா. இழுத்து விட்டா முடிஞ்சிச்சு," என்றேன்.

ரூபினி ஸ்கேனர் மூடியைத் தூக்கிக்கொண்டே, "பழைய தேதி லா. நேர மண்டலப் பட்டியல்னு ஒண்ணு இருக்கு, கம்ப்யூட்டரே பாத்துக்கும். அதைப் போட்டுக்கோ," என்றாள்.

"ரூபினி, நம்ம நாட்டுல வெயில் காலம் குளிர் காலம்னு கடிகாரத்தை மாத்துறாங்களா? நீ பொறந்ததுலேருந்து எட்டுதானே?"

"எட்டுதான்."

"அப்புறம் என்னா?"

பிறந்ததிலிருந்து எட்டு என்பது இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லுபடியாகும் ஆதாரம். அது அன்று எனக்குத் தோன்றவில்லை. ஜப்பான்காரன் ஒருவனிடம் இந்த வேலையைக் கொடுத்திருந்தால் மலேசியாவின் நேரம் என்ன என்று தேடிப் பார்த்திருப்பான். நான் உள்ளூர்க்காரன். தேடவேண்டிய அவசியம் எனக்கில்லை.

காப்பகம் திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு சோதனை ஓட்டினோம். நம் தாளில் தெரியும் நடுக்கங்களை உலகப் பட்டியலோடு ஒப்பிட்டு, சரியென்றால் பச்சை, தவறென்றால் சிவப்பு காட்டும் நிரல். 1982 முதல் எல்லாம் பச்சை. அதற்கு முந்திய மூன்று ஆண்டுகளில் நடுக்கம் தெரிந்த தாள்கள் நூற்றுப் பதினேழு. அத்தனையும் சிவப்பு. காரணம்: 'நடுக்கம் நிகழுமுன் பதிவாகியுள்ளது.' எவ்வளவு முன் என்று அது சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

டாக்டர் சித்தி ஹாஜரா அப்போது தைப்பேயில் மாநாட்டில் இருந்தார். செய்தி அனுப்பினேன். 'இப்போதைக்கு நேரம் உறுதியில்லை என்று குறிப்பு போடு. வந்து பார்க்கிறேன்,' என்று பதில் வந்தது.

அவர் கேட்டது அவ்வளவுதான். நான் போட்ட குறிப்பு இது: '1979–81: நேரங்கள் நம்பத்தகாதவை. பதிவாளரின் பிழை. பதிவாளர்: கா. கார்த்திகேசு.' உறுதியில்லை என்பது எனக்கு வழவழவென்று இருப்பதாகப் பட்டது. எழுத்தில் எப்போதும் துல்லியம் வேண்டும் என்பது என் கொள்கை.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நான் 'கேன்டீன் கெசட்' என்ற இணையப் பக்கம் நடத்துகிறேன். பொய்ச் செய்திகளை மெய்ச் செய்தியின் முகத்தோடு எழுதுவேன். அன்று சாயங்காலமே அதில் ஒரு செய்தி வந்தது. பெயரை மட்டும் 'அங்கிள் கே' என்று மாற்றினேன். கூடவே ஒரு தாளின் படத்தையும் போட்டேன். அதன் ஓரத்தில் கையெழுத்து தெளிவாகத் தெரிந்ததை இரண்டாயிரம் பேர் பகிர்ந்த பிறகுதான் கவனித்தேன்.

காப்பகம் வெள்ளிக்கிழமை திறந்தது. சனிக்கிழமை காலை ஜெலுத்தோங் வீட்டில் அம்மாவுக்கு அந்தச் செய்தியை வாசித்துக் காட்டினேன். அம்மா பெயர் ஆலிஸ். பாயான் லெப்பாஸில் சிப் தொழிற்சாலையில் லைன் லீடர். நான் எழுதும் எதையும் அவர் சிரித்தால்தான் எனக்குத் திருப்தி. மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தார். பிறகு கேட்டார்.

"எந்த வருசத்துக் கதைடா இது?"

"எழுபத்தொம்போதுலேருந்து எண்பத்தொண்ணு வரைக்கும்."

"அப்போ நம்ம டைம் வேற லா."

"என்ன வேற?"

"எண்பத்தொண்ணு கடைசி நாள்தானே அரை மணி நேரம் முன்னுக்கு வச்சாங்க. சபா சரவாக்கும் நம்மளும் ஒரே டைமா இருக்கணும்னு. எனக்குப் பதினோரு வயசு. நடுநிசிப் பூசைக்குப் பாட்டுக் குழுவுல நின்னுக்கிட்டு இருக்கேன். பதினொன்றரைக்கு ஃபாதர் பாட்டுக்கு ஹேப்பி நியூ இயர்னுட்டாரு. உன் மாமன் பன்னெண்டு மணிக்குக் கொளுத்தலாம்னு வெளிய பட்டாசோட நின்னான். எல்லாருக்கும் வந்திருச்சு, எனக்கு மட்டும் புது வருசம் வரலேன்னு ஒரே அழுகை."

அம்மா மாமாவை நினைத்து இன்னொரு முறை சிரித்தார். நான் நூடுல்ஸ் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

அறைக்குப் போய் அட்டவணையைத் திறந்தேன். அந்த மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் எட்டை அழித்து ஏழரை என்று போட்டேன். இழுத்து விட்டேன். சோதனையை ஓட்டினேன். நூற்றுப் பதினேழும் பச்சை. ஒன்றாவது சிவப்பாக நின்றிருந்தால் அதைப் பிடித்துத் தொங்கியிருப்பேன். ஒன்றும் நிற்கவில்லை. பிழை நேர்ந்த இடம் மலைமேல் இல்லை; என் மடிக்கணினியில், அட்டவணையின் மூன்றாவது நெடுவரிசையில்.

திருத்தியதைச் சேமிக்கப் போனேன். காப்பகத்தில் எதை மாற்றினாலும் ஒரு பெட்டி எழும்: 'மாற்றத்துக்கான காரணம்.' அதை நிரப்பாமல் சேமிக்க முடியாது. 'சிறு திருத்தம்' என்று தட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். பொத்தானை அழுத்தவில்லை. பயத்தால் என்று எழுதினால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். பயமெல்லாம் இல்லை. டாக்டர் திட்டமாட்டார். ரூபினி 'நான் சொன்னேன்ல' என்பாள், அவ்வளவுதான். வெட்கம். காது மடல் சுடுகிற வெட்கம். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்யலாமா என்றுகூட யோசித்தேன். ஃபாதருக்கு முதலில் உலக நேரத்தை விளக்கவேண்டியிருக்கும்.

ஆக ஞாயிறு முழுக்க ஒன்றும் செய்யவில்லை. கெசட்டில் அந்தச் செய்தியை மட்டும் எடுத்தேன். அதற்குள் அது என் பக்கத்தைவிட்டு ஊருக்குப் போயிருந்தது.

திங்கட்கிழமை ரூபினி ஒரு விண்ணப்பப் பாரத்தை நீட்டினாள்.

"அந்த அங்கிள் ஆபீசுக்குப் போன் பண்ணாரு. காப்பகத்துலேருந்து அவரு பேர எடுத்துடணுமாம். பத்து வருசத்துக்கும். கையெழுத்து வேணும். சுங்கை பினாங் பிளாட்டு, நீதான் மோட்டார்ல வர்ற, நீ போய் வாங்கிட்டு வா."

"பத்து வருசத்துக்குமா?"

"தப்பா எழுதுன ஆளு பேரு எதுக்கு இருக்கணும்னு கேட்டாரு. குரலே வெளிய வரல ஷேன். எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு."

சொல்லியிருக்கலாம். எதிரில்தான் நின்றாள். பாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "மூணு மணிக்குப் போறேன்," என்றேன்.

சுங்கை பினாங்கில் அவர் வீடு ஒன்பதாவது மாடி. மின்தூக்கி ஒற்றைப்படை மாடிகளில் நிற்காது என்பதால் எட்டில் இறங்கி ஏறினேன். கதவைத் திறந்தது அவர் மனைவி லெட்சுமி. உள்ளே கார்த்திகேசு அங்கிள் முழுக்கால் சட்டையும் தேய்த்த சட்டையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுபத்தொரு வயது. வீட்டில் இருப்பவர் இப்படி உடுத்தியிருந்தது எனக்காக, பல்கலைக்கழகத்திலிருந்து வரும் அதிகாரிக்காக, என்று புரிந்தபோது உட்காரவே கூசியது.

"வா தம்பி. உன்னை அலைய விட்டுட்டேன். பஸ்ஸுல வந்தியா?"

"மோட்டார் அங்கிள்."

"நல்லது. உக்காரு." பாரத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் கையில் ஒரு தாள் இருந்தது. மலாயில் அழகாக எழுதிய கடிதம். "டாக்டருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி வச்சிருக்கேன். இதையும் சேத்துக் குடுத்துடு."

"எதுக்கு அங்கிள் மன்னிப்பு?"

"மூணு வருசம் தப்புன்னு போட்டிருக்கே. நாலு நாளா உக்காந்து யோசிக்கிறேன், எப்படின்னு. பீப் கேட்டுத்தான் எழுதுனேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?" மனைவியைப் பார்த்தார். "எண்பதுல இவளுக்கு வயித்துல ஆபரேஷன். ஆஸ்பத்திரில ஒரு மாசம். காலையில தாள மாத்திட்டு எட்டே முக்கால் பஸ்ஸப் புடிக்க ஓடுவேன். அந்த அவசரத்துல பீப் வர்றதுக்கு முன்னாடியே எழுதிட்டுப் போயிருப்பேன் போல. அதுவே பழக்கமாயிருச்சோ என்னவோ."

"என்னாலதான் தம்பி," என்றார் லெட்சுமி ஆன்ட்டி. மைலோ கலந்து தட்டில் கொண்டுவந்து வைத்தவர் நிமிராமலே சொன்னார். "வரவேணாம், வேலையப் பாருங்கன்னு சொல்லியிருக்கணும். அப்ப எனக்குப் பயம். இவரு வந்து நின்னாத்தான் சாப்பிடுவேன்."

நான் எட்டு என்று போட்ட எண் காப்பகத்தைத் தாண்டி வந்து, நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முந்திய ஒரு மருத்துவமனைக் கட்டிலின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. அந்த ஆண்டுகளின் தாள்கள் எனக்குத் தெரியும். ஆயிரத்துத் தொண்ணூற்றாறு நாள்களுக்கு ஆயிரத்துத் தொண்ணூற்றாறு தாள்கள். தீபாவளி அன்றுகூட ஒன்று உண்டு. அதில் எண்ணெய்க் கறை இருக்கும். அந்த ஆஸ்பத்திரி மாதத்திலும் ஒரு நாள் விட்டுப்போகவில்லை.

இப்போது சொல்லிவிடவேண்டும் என்று வாயைத் திறந்தேன். அங்கிள் அதற்குள் கைப்பேசியை எடுத்துவிட்டார்.

"இன்னொரு உதவி தம்பி. எங்க மக வீட்டுப் பேத்தி நவோமி ஒண்ணு அனுப்பிச்சு, தாத்தா இது உங்க கையெழுத்தான்னு கேட்டிச்சு. எழுத்து ரொம்பச் சின்னது, எனக்கு ஓடல. இவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. என்னப் பத்தி என்னா போட்டிருக்குன்னு கொஞ்சம் வாசி."

என் எழுத்துதான். யாரோ திரையைப் படம் பிடித்துச் சுற்றுக்கு விட்டது. மேலே 'கேன்டீன் கெசட்' என்று நான் வடிவமைத்த தலைப்பு.

"இது சும்மா காமெடி அங்கிள். வேணாம்."

"காமெடின்னா நல்லதுதானே. வாசி."

வாசித்தேன்.

"பினாங்கில் அரசு ஊழியர் ஒருவர் நிலநடுக்கங்களை அவை நிகழுமுன்பே பதிவு செய்துவந்தது தெரியவந்துள்ளது." குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன். "அங்கிள் கே என்று மட்டும் அறியப்படும் இவர், சுமத்திரா எப்போது அசையும் என்பதைக் காலைத் தேநீருக்கு முன்பே முடிவு செய்துவிடுவாராம்."

அங்கிள் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். ஆன்ட்டி நின்றபடியே இருந்தார்.

"நிறுத்தாத," என்றார் அங்கிள்.

"'சீக்கிரம் முடி, எனக்கு…'" வரியின் தொடக்கத்துக்குத் திரும்பினேன். "'சீக்கிரம் முடி, எனக்குப் பஸ் போயிடும்' என்று அவர் பூமியைக் கேட்டுக்கொண்டதாக நேரில் கண்டவர்கள் கூறுகின்றனர்."

அம்மா சிரித்த வரி. அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. கீழே சாலையில் ஒரு லாரி பின்னால் போகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இன்னும் இருக்கா?"

"ஒரு வரி. 'நம்மவர்கள் எதற்கும் நேரத்துக்கு வருவதில்லை என்ற பழியை அங்கிள் கே துடைத்துவிட்டார். இவர் வந்தபோது நிலநடுக்கமே இன்னும் வந்திருக்கவில்லை.'"

அங்கிள் கைப்பேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கான். யாரு எழுதுனது?" என்றார்.

"நான்தான் அங்கிள்."

ஆன்ட்டி என்னைப் பார்த்தார். மைலோவை எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அதோட இல்ல," என்றேன். இனி நிறுத்த முடியாது என்று தெரிந்தது. "நீங்க தப்பா எழுதல. ஒரு நாள்கூட. நான்தான் தப்பா மாத்தினேன். உங்க டைம்லேருந்து எட்டு மணி நேரம் கழிச்சேன். எண்பத்திரண்டுக்கு முன்னால ஏழரைதான் கழிக்கணும். எனக்குத் தெரியாது. தேடியும் பாக்கல. சனிக்கிழமையே தெரிஞ்சிருச்சு. சொல்லல."

அங்கிள் மேசையிலிருந்த பாரத்தைத் திருப்பிப் போட்டு, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். வெற்றுப் பக்கத்தில் தானே கணக்குப் போட்டார். காலை எட்டரை. ஏழரையைக் கழித்தார். எட்டைக் கழித்தார். இரண்டு விடைகளுக்கும் நடுவில் இருந்த அரை மணியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"டைம் மாத்துன அன்னிக்கு நான் தாளுலயே எழுதி வச்சேனே. இன்னியிலேருந்து அரை மணி கூடன்னு. மலாயில. ஜனவரி ஒண்ணாந்தேதித் தாளு. பாக்கலியா?"

ஜனவரி முதல் தேதித் தாளை ரூபினி ஸ்கேன் செய்திருந்தாள். நான் அதிலிருந்து இரண்டு எண்களை மட்டும் எடுத்தேன். ஓரத்தில் எழுதியிருப்பதை வாசிப்பது என் அட்டவணையில் இல்லை.

"பாக்கல அங்கிள்."

"அப்போ நான் எழுதினது சரி."

"எல்லாமே சரி."

மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டுக்கிட்டியா? உன்னால இல்ல."

ஆன்ட்டி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வேர்க்குது," என்றார். மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு என்னிடம், "நீயும் யாரோ பெத்த பிள்ளதானே தம்பி. உங்கம்மாகிட்ட இத வாசிச்சுக் காட்டுனியா?" என்றார்.

"காட்டினேன்."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

மைலோவை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அங்கிள் மன்னிப்புக் கடிதத்தை நான்காகக் கிழித்து மேசைமேல் அடுக்கி வைத்தார். "அந்தப் பதிவாளரின் பிழைங்கிற வரி. அதையும் நீதான் எழுதுனியா?"

"ஆமா."

"அழிச்சிடு."

"அழிக்க முடியாது அங்கிள். காப்பகத்துல எதையும் அழிக்க மாட்டாங்க. மேலதான் எழுதலாம். பழசு உள்ள இருக்கும். யாரு வேணும்னாலும் தேடிப் பாக்கலாம்."

"எவ்வளவு நாளைக்கு?"

"எப்பவுமே."

இதற்குத்தான் அவர் முகம் முதல்முறையாக மாறியது. கோபம் என்று சொல்லமுடியாது. தாளைப் பத்து ஆண்டுகள் பத்திரப்படுத்தியவருக்கு, எதையும் அழிக்கக்கூடாது என்ற விதி சரி என்று தெரியும். சரி என்று தெரிந்த ஒன்று தன்மேலேயே விழுந்ததை அவர் பொறுத்துக்கொள்ளப் பார்த்தார்.

"அப்போ மேல எழுதுறதுல உன் பேரு இருக்கணும்," என்றார். "முழுப் பேரு."

என் கைப்பேசியிலேயே காப்பகத்தைத் திறந்தேன். சனிக்கிழமைத் திருத்தம் சேமிக்காத வரைவாகக் கிடந்தது; காரணப் பெட்டியில் 'சிறு திருத்தம்' இன்னும் அப்படியே இருந்தது. அதை எடுத்துவிட்டு எழுதினேன்: 'முதல் குறிப்பு தவறு. பதிவாளர் கா. கார்த்திகேசு எழுதிய நேரங்கள் அனைத்தும் சரியானவை. 1982க்கு முந்திய மலேசிய நேரத்தைச் சரிபார்க்காமல் மாற்றியது என் பிழை. ஷேன் அந்தோணிசாமி.' அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். 'சரியானவை' என்ற இடத்தில் கையைக் காட்டி, இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பொத்தானை அழுத்தினேன். டாக்டர் சித்தி ஹாஜராவுக்கும் அங்கிருந்தே ஒரு செய்தி போட்டேன்.

"பேரு இருக்கட்டும்தானே அங்கிள்? பாரத்துல கையெழுத்து வேணாம்ல?"

"இருக்கட்டும்." பாரத்தை என் பக்கம் தள்ளினார். பாதியில் நிறுத்தி, கைக்கடிகாரத்தைப் பார்த்து, தான் போட்ட கணக்கின் கீழே மாலை 4.20 என்று எழுதினார். பேனாவை என்னிடம் நீட்டினார்.

"இத கிரீனிச்சுக்கு மாத்து."

இருபத்திரண்டு ஆண்டுகளாக எனக்குத் தெரிந்த கணக்கு. இருந்தும் விரல்விட்டு எண்ணினேன். இன்றைய தேதிக்கு எட்டுதானா என்று கைப்பேசியில் தேடிப் பார்த்துக்கொண்டேன். அவர் அவசரப்படுத்தவில்லை. காலை 8.20 என்று எழுதிக் காட்டினேன்.

கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். மனத்துக்குள் கழித்துப் பார்த்துத் தலையசைத்தார். பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது.

"ஜாம் பெத்துல்னு போடுங்க அங்கிள்," என்றேன்.

பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"பீப் கேக்காம நான் எழுத மாட்டேன்," என்றார்.